குறைசொல்லி நான்தான்

மூக்குக்கண்ணாடி வாங்க வருகிறவர்கள் கடைக்காரன் முகத்தைப் பார்ப்பதில்லை. இதைக் குறையாகச் சொல்லவில்லை, தொழில் அப்படி. பழையதைக் கழற்றியதும் எதிரே இருப்பது மனிதனா மாடா என்று அவர்களுக்குத் தெரியாது. புதியதை மாட்டியதும் நேராக நிலைக்கண்ணாடியில் தங்கள் மூஞ்சியைப் பார்ப்பார்கள். "எனக்கு எடுப்பா இருக்கா, ஹெர் ராப்?" என்பார்கள். "உங்களுக்குன்னே செஞ்ச மாதிரி இருக்கு" என்பேன். எர்லன்வீலரில் பாதி ஊர் என் பொய்யை மூக்கின் மேல் சுமந்துகொண்டு திரிகிறது.

நீதிபதி அவர்களே, நீங்கள் பெரிய நகரத்துக்காரர். எங்கள் ஊர் வழக்கம் உங்களுக்குத் தெரியாது. காவல் நிலையத்தில் தட்டச்சு செய்து நீட்டிய வாக்குமூலத்தில் நான் கையெழுத்துப் போடவில்லை. ஏன் என்பதைக் கடைசியில் சொல்கிறேன். அதனால்தான் இதைக் கைப்பட எழுதுகிறேன். என் பெயர் கெப்ஹார்ட் ராப். தேவாலயத்துக்கு எதிரே இருக்கும் கண்ணாடிக் கடை என்னுடையது. 'தங்கக் கரடி' மதுவிடுதியின் உரிமையாளர் வெண்டலின் ஃபாலர் போன இலையுதிர் காலத்தில் தன் நிலவறைப் படியில் விழுந்து செத்தார் இல்லையா, அவரைப் பற்றித்தான்.

தவக்காலம் தொடங்குமுன் வரும் திங்கட்கிழமை எங்களுக்கு முகமூடித் திங்கள். ஊரே மர முகமூடி மாட்டிக்கொண்டு தெருவில் குதிக்கும். அது வெறும் கூட்டம். அதன் நடுவே ஒரே ஒருவன் உண்டு, அவன் பெயர் குறைசொல்லி. வெளுத்த முகம், வளைந்த மூக்கு, தோளில் குறுக்கே கனத்த மணிகள். அவன் விடுதி விடுதியாக நுழைந்து, கீச்சுக்குரலில், ஒவ்வொருவரும் வருஷம் முழுக்க மூடி மறைத்ததை மூஞ்சிக்கு நேரே சொல்வான். மேயர் ஆனாலும் பாதிரியார் ஆனாலும் அன்றைக்கு 'நீ'தான். யாரும் கோபித்துக்கொள்ளக் கூடாது. சிரித்துவிட்டு ஒரு கிளாஸ் வாங்கித் தர வேண்டும். அவன் அதை முகமூடி வாய்க்குள் உறிஞ்சுகுழல் விட்டுக் குடிப்பான்.

அவன் யார் என்று கேட்கக் கூடாது. யாராவது கேட்டாலும் ஆமாம் என்றோ இல்லை என்றோ சொல்லக் கூடாது. அவனே வாய் திறந்து சொல்லிவிட்டால் முகமூடியைச் சந்தை நீரூற்றருகே வைத்துக் கோடரியால் பிளப்பார்கள். சொல்லாமல் இருந்தால் சாகிற வரைக்கும் அது அவனுடையது. செத்த பிறகு சவப்பெட்டி மேல் வைத்து அவனோடு புதைப்பார்கள். அப்போதுதான் ஊருக்கு விஷயம் தெரியும். அடுத்த குறைசொல்லியை அவனே உயிரோடு இருக்கும்போது ரகசியமாகத் தேர்ந்தெடுத்து, அதே மாதிரி புதிதாக ஒரு முகமூடியும் கொடுத்திருப்பான்.

என்னைத் தேர்ந்தெடுத்தவர் உர்பான் கெய்கர். வீடு வீடாக மின்சார மீட்டர் பார்க்க வருகிறவர். அவர் வந்தாரா போனாரா என்று ஒரு நாயும் கவனித்ததில்லை. ஒரு நாள் கடையில் என்னை உற்றுப் பார்த்து, "உன் காதுல நிறைய விழுமே" என்றார். அவ்வளவுதான் பேச்சு. போகும்போது முகமூடிப் பொட்டலத்தை மேசை மேல் வைத்துவிட்டுப் போனார். அவர் செத்தபோது சவப்பெட்டி மேல் அந்த வெளுத்த முகம் இருந்தது. கல்லறைத் தோட்டம் முழுக்க ஒரே முணுமுணுப்பு: "இவரா?" மேயரின் மனைவி வாயைப் பொத்திக்கொண்டாள். முப்பது வருஷமாகத் தங்களைக் கிழித்துத் தொங்கவிட்டது இந்த மீட்டர்காரனா என்று ஊரே அசந்து நின்றது. அந்த 'இவரா' என் காதில் ரொம்ப நாள் இருந்தது. உர்பானுக்குத்தான் அது கேட்கவில்லை.

அன்றிலிருந்து குறைசொல்லி நான்தான்.

நான் அதை நன்றாகச் செய்தேன் என்று சொன்னால் அது தற்பெருமை இல்லை, ஊரே சொன்னது. சைக்கிள் பாதை திறந்துவைத்த மேயரிடம், "பாதை பிரமாதம் மேயரே. உன் காரை அதுலதான் நிறுத்தி வெக்கிறியாம்" என்றேன். தேவாலய விருந்துக்குக் கேக் சுட்டு வந்ததாகப் பெருமை பீற்றிக்கொள்ளும் டாக்டரின் மனைவியிடம், "கேக் கடையில வாங்கினா என்ன, தப்பில்ல. ஆனா அட்டைப்பெட்டியை ஏன் பக்கத்து வீட்டுக் குப்பையில போடறே?" என்றேன். ரொட்டிக்கடை மெட்ஸிடம், "உன் ரொட்டி நேத்து சுட்டது, சிரிப்பு மட்டும்தான் இன்னிக்குச் சுட்டது" என்றேன். அவர் அதை வருஷக்கணக்காக எல்லோரிடமும் சொல்லிச் சிரித்தார். ஊரில் எல்லோருக்கும் ஒரே ஆசைதான், அன்றைக்குத் தன்னைப் பற்றியும் குறைசொல்லி எதையாவது சொல்லிவிட மாட்டானா என்று. அசிங்கப்படுவதற்கு வரிசையில் நிற்பார்கள். இப்படிப்பட்ட ஜனங்கள் என்னைப் பற்றி என்ன நினைத்தால் எனக்கென்ன? இதை முக்கியமாகக் குறித்துக்கொள்ளுங்கள். அவர்களுடைய மதிப்பு எனக்கு என்றைக்குமே தேவைப்பட்டதில்லை.

மற்ற நாட்களில் நான் கடையில் நின்றேன். முகமூடித் திங்களன்று கடையைப் பூட்டிக்கொண்டு உள்ளே சரக்கு எண்ணுவதாக என் மனைவி ஹில்ட்ருடிடம் சொல்லியிருந்தேன். உடையும் மணிகளும் பின்னறைப் பெட்டியில் இருந்தன. "உன்னை மாதிரி ஒரு சிடுமூஞ்சியை நான் பாத்ததே இல்ல. ஊரே கொண்டாடுது, நீ கண்ணாடிச் சட்டம் எண்ணிட்டு உக்காந்திருக்கே" என்பாள். நான் பதில் சொன்னதில்லை. விதி என்றால் விதி.

ஒரு வருஷம் நான் வீடு திரும்பியபோது அவள் கண்ணில் நீர் வரச் சிரித்துக்கொண்டிருந்தாள்.

"வெண்டலின் இன்னிக்கு என்ன போடு போட்டான் தெரியுமா?" என்று, நான் மதியம் சொன்னதையெல்லாம் எனக்கே திருப்பிச் சொன்னாள். பாதியைத் தப்பாகச் சொன்னாள்.

"அது வெண்டலின்னு யார் சொன்னா?" என்று கேட்டேன்.

"ஊருக்கே தெரியும். முகமூடித் திங்கள்ல அவன் மட்டும் விடுதியில இருக்க மாட்டானே. பின்ன யாரு, நீயா?"

இதைச் சொல்லிவிட்டு அவள் சிரித்த சிரிப்பு, என் நகைச்சுவைக்குச் சிரித்ததைவிடப் பெரிதாக இருந்தது. நான் சூப்பைக் குடித்தேன். உப்புக் குறைவாக இருந்தது, அதையும் சொல்லவில்லை.

அதன்பிறகு கவனித்தேன். உண்மைதான், ஊரே அப்படித்தான் நம்பிக்கொண்டிருந்தது. வெண்டலின் ஃபாலர் என்றால் யார்? அகல மார்பு, உரத்த குரல், எல்லோர் தோளிலும் கைபோடும் வழக்கம், காதில் விழுந்த எந்த ஜோக்கையும் தன் ஜோக் போலச் சொல்லும் திறமை. சொந்தமாக ஒரு வார்த்தை கிடையாது. யாராவது கண்ணடித்து, "போன திங்கள் நல்லா வாங்கிக் கட்டிக்கிட்டேன்ப்பா உன்கிட்ட" என்றால், ஆமாம் என்றும் சொல்ல மாட்டார், இல்லை என்றும் சொல்ல மாட்டார். அசடு வழியச் சிரித்துவிட்டு ஒரு பியரை இலவசமாக ஊற்றுவார். விதி அப்படித்தானே சொல்கிறது? விதியை வைத்தே என்னைத் திருடினார். ஆமாம் என்று ஒரு தடவை சொல்லியிருந்தால் பொய்யனைப் பிடித்திருக்கலாம். சிரிப்பை எப்படிப் பிடிப்பது?

போன வருஷத்து முகமூடித் திங்களன்றுதான் கடைசியாக அவரை நேருக்கு நேர் பார்த்தேன், அதாவது குறைசொல்லியாகப் பார்த்தேன். தங்கக் கரடியில் என் வேலையை முடித்துவிட்டுப் பின்வாசல் வழியாக வெளியேறினேன். சாமான் அறைக் கதவு லேசாகத் திறந்திருந்தது. உள்ளே மாவு மூட்டை மேல் உட்கார்ந்து வெண்டலின் குளிர்ந்த இறைச்சித் துண்டுகளைத் தின்றுகொண்டிருந்தார். அன்று முழுக்க அங்கேதான் இருந்திருக்கிறார். சுவருக்கு அந்தப் பக்கம் எனக்காகக் கிளம்பிய சிரிப்பை இந்தப் பக்கம் இருந்து கேட்டிருக்கிறார்.

என்னைக் கண்டதும் எழுந்து நிற்பார், வெட்கப்படுவார் என்று நினைத்தேன். அவர் மெல்லுவதைக்கூட நிறுத்தவில்லை.

"உள்ள வா, கதவைச் சாத்து. யாராவது பாத்துடப் போறாங்க" என்றார். பிறகு ஒரு சிறு கிளாஸில் பழச்சாராயம் ஊற்றி, உறிஞ்சுகுழலும் போட்டு நீட்டினார். "நீ யாருன்னு எனக்குத் தெரிய வேண்டாம். நல்லாத்தான் செய்யறே. அந்த அட்டைப்பெட்டி விஷயம், ஆகா. நீ சொல்லு, நான் சிரிச்சு வாங்கிக்கறேன். ரெண்டு பேருக்கும் லாபம்தானே?"

நான் கிளாஸை வாங்கிக்கொண்டேன்.

"ஒண்ணு மட்டும் சொல்றேன்" என்றார் இன்னொரு துண்டை வாயில் போட்டுக்கொண்டு. "உனக்கு ஜனங்க நடுவுல நிக்கிற முகம் இல்லைன்னு நினைக்கிறேன். இருந்தா இத்தனை வருஷம் சும்மா இருப்பியா? எனக்கு இருக்கு. அதுக்கு நான் என்ன பண்ண?"

அந்தச் சாராயத்தை நான் குடித்தேன். நல்ல சாராயம்.

அவர் மேல் கோபம் இருந்தது என்று தட்டச்சுத் தாளில் எழுதியிருக்கிறார்கள். தப்பு. என்னைக் கோபப்படுத்த அவருக்கு ஒரு தகுதி வேண்டும். ஒரு விஷயம் முறைகேடாக நடந்துகொண்டிருந்தது, அதைச் சரிசெய்ய வேண்டியிருந்தது. என் வேலையே வளைந்ததை நேராக்குவது, மங்கியதைத் தெளிவாக்குவது. யோசித்துப் பார்த்தால் வழி எளிதாக இருந்தது. வெண்டலின் செத்தால் வீட்டில் முகமூடி கிடைக்காது. சவப்பெட்டி மொட்டையாகக் குழிக்குள் இறங்கும். ஊர் வாயைப் பிளக்கும். அடுத்த முகமூடித் திங்களன்று குறைசொல்லி எப்போதும்போல வருவான். பிறகு யாரும் எதையும் சொல்லித்தர வேண்டியதில்லை.

கோடை முடிந்ததும் அவரே கடைக்கு வந்தார். ரசீதில் எண்கள் தெரியவில்லையாம். என் முகத்தைப் பார்க்கவில்லை, நேராக நிலைக்கண்ணாடிக்குப் போனார்.

"படிக்கிறதுக்கு மட்டும் ஒண்ணு குடுங்க ஹெர் ராப். எல்லார் முன்னாடியும் போட மாட்டேன், கிழவன் மாதிரி தெரியும்."

"அப்படின்னா எப்பவும் போடற மாதிரி ஒண்ணு செய்யறேன்" என்றேன். "மேல தூரம், கீழ கிட்டம். இந்தச் சட்டத்துல பத்து வயசு குறையும்."

"எடுப்பா இருக்கா?"

"உங்களுக்குன்னே செஞ்ச மாதிரி இருக்கு."

இதில் பொய் இல்லை. லென்ஸின் அடிப்பக்கத்தைத் தடிப்பாக வைத்தால் தரை இருக்கும் இடத்தைவிடக் கொஞ்சம் மேலே தெரியும். படி இறங்குகிறவன் கால் வைக்கும் இடத்தில் படி இருக்காது. சில நாளில் கண் பழகிக்கொள்ளும், அதுதான் சிக்கல். அதனால் ஒவ்வொரு தடவை அவர் தலைசுற்றுகிறது என்று வந்தபோதும் சரிபார்ப்பதாகச் சொல்லி வாங்கி, இன்னும் கொஞ்சம் தடிப்பாக மாற்றிக் கொடுத்தேன். "புதுக் கண்ணாடின்னா அப்படித்தான், பழகிடும். கழட்டாம போட்டுக்கிட்டே இருங்க" என்றேன். அவர் சொன்னபடி கேட்டார். கண்ணாடிக்காரன் சொன்னால் எல்லோரும் கேட்பார்கள். தங்கக் கரடியின் நிலவறைப் படி செங்குத்தானது, கல் படி. வெண்டலின் தினமும் காலையில் இரண்டு கையிலும் ஒயின் பெட்டியைத் தூக்கிக்கொண்டு அதில் இறங்குவார்.

நான் எதையும் தள்ளிவிடவில்லை. அன்றைக்கு நான் கடையில் ஒரு கிழவிக்குச் சட்டத்தின் காதுப்பக்கம் வளைத்துக்கொண்டிருந்தேன்.

விதவை ரோஸ்விட்டா பிறகு அந்தக் கண்ணாடியை என்னிடமே கொண்டுவந்து கொடுத்தாள். ஏழை நாடுகளுக்கு அனுப்புவதற்காகப் பழைய கண்ணாடி போடும் பெட்டி ஒன்று என் கடை வாசலில் இருக்கும். "யாருக்காவது உபயோகப்படட்டும் ஹெர் ராப்" என்றாள். "அவருக்கு இது ரொம்பப் பிடிச்சிருந்துச்சு. செத்தப்பகூட மூக்கு மேலதான் இருந்துச்சு." நான் அதை யாருக்கும் அனுப்பவில்லை. அப்படி ஒரு ஆள் நான் இல்லை. ஆய்வாளரிடம் சான்றாகக் கொடுத்துவிட்டேன்.

சவ அடக்கத்துக்கு முதல் வரிசைக்குப் பக்கத்தில் இடம்பிடித்து நின்றேன். மொட்டைச் சவப்பெட்டியையும், அதைப் பார்க்கும் மூஞ்சிகளையும் தெளிவாகப் பார்க்க வேண்டும் என்றுதான். பெட்டி வந்தது. அதன் மேல் குறைசொல்லியின் முகம் இருந்தது.

என்ன நடந்தது என்று உங்களுக்கு விளங்காது, இந்த ஊர் ஆட்கள் மட்டுமே செய்யக்கூடிய முட்டாள்தனம் இது. ரோஸ்விட்டா வீடெல்லாம் தேடியும் முகமூடி கிடைக்கவில்லை. கிடைக்கவில்லை என்றால் அவன் குறைசொல்லி இல்லை என்று அர்த்தம், குழந்தைக்குக்கூடப் புரியும். ஆனால் முகமூடிச் சங்கத் தலைவர் என்ன நினைத்தார்? பாவம் வெண்டலின், கடைசிவரைக்கும் விதியைக் காப்பாற்றி எங்கேயோ அவ்வளவு பத்திரமாக ஒளித்துவைத்திருக்கிறான், எப்பேர்ப்பட்ட மனிதன் என்று நினைத்தார். யாரையும் கேட்கக் கூடாது என்பதால் கேட்கவும் இல்லை. பக்கத்துப் பள்ளத்தாக்கு ஆசாரியிடம் ஒரே இரவில் புதிதாக ஒன்று செதுக்கி வாங்கிவந்து பெட்டி மேல் வைத்துவிட்டார். மூக்கு தப்பான பக்கம் வளைந்திருந்தது. ஒருவரும் கவனிக்கவில்லை.

"இவரா" என்று யாரும் முணுமுணுக்கவில்லை. "நாங்க அப்பவே சொன்னோமே" என்று ஒருவருக்கொருவர் தலையாட்டிக்கொண்டார்கள். ரொட்டிக்கடை மெட்ஸின் மகள் அழுதாள். ஹில்ட்ருட் என் கையை அழுத்தி, "ஊருக்கு இனிமே யார் இருக்கா சொல்லு?" என்றாள்.

சரி, முகமூடித் திங்கள் வரட்டும் என்று இருந்தேன். அதுவும் வந்தது.

நான் வாழ்நாளில் அப்படிப் பேசியதில்லை. தங்கக் கரடி நிரம்பி வழிந்தது. புதைத்த முகமூடியைப் பற்றியே தொடங்கினேன். "மூக்கு இந்தப் பக்கம்தான் வளையும், அந்தப் பக்கம் இல்ல. பொணத்துக்கே பொய் மூஞ்சி வெச்சு அனுப்பின ஊரு இது" என்றேன். கொஞ்சம் சிரித்தார்கள். சங்கத் தலைவரை, மேயரை, பாதிரியாரை, ஒருவரை விடவில்லை. ஒவ்வொன்றும் இருபது வருஷத்து அனுபவம் உள்ளவனால் மட்டுமே சொல்ல முடிகிற வார்த்தை. அவர்கள் தலையைச் சாய்த்து, பள்ளிக்கூட விழாவில் பிள்ளை பாடுவதைக் கேட்பதுபோலக் கேட்டார்கள்.

"பரவாயில்ல, புது ஆளு. தேறிடுவான்" என்றார் சங்கத் தலைவர் பக்கத்திலிருந்தவரிடம்.

"வெண்டலின் எங்க, இவன் எங்க" என்றது இன்னொரு குரல். "அவன்கிட்ட ஒரு பாசம் இருக்கும். இவன் வெறும் விஷம்."

ரோஸ்விட்டா உறிஞ்சுகுழல் போட்டுக் கிளாஸைக் கொண்டுவந்தாள். என் கையைத் தட்டிக்கொடுத்தாள். "உன்னைத் தேர்ந்தெடுத்தது என் வெண்டலின்தானே, எனக்குத் தெரியும். பயப்படாம செய்ப்பா. அவர் பேரைக் காப்பாத்து" என்றாள். அவள் கண் கலங்கியிருந்தது. நான் குடித்துவிட்டு வெளியே வந்தேன். தெருவில் என் மணிச் சத்தம் எனக்கே எரிச்சலாக இருந்தது.

தவக்காலம் தொடங்கும் சாம்பல் புதனன்று காலையில் முகமூடியையும் வெண்டலினின் கண்ணாடியையும் ஒரே பையில் போட்டுக்கொண்டு காவல் நிலையம் போனேன். ஆய்வாளர் லியோனி மெட்ஸ், அதே ரொட்டிக்கடைக்காரரின் மகள். நெற்றியில் இன்னும் சாம்பல் இருந்தது. இதுவரை உங்களுக்கு எழுதியதையெல்லாம் அவரிடம் சொன்னேன். லென்ஸ் பகுதி வந்தபோது அவர் தன் கண்ணாடியைக் கழற்றித் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "உங்களுது சரியாத்தான் இருக்கு, பயப்பட வேண்டாம்" என்றேன். அதன்பிறகு அவர் அதை மாட்டிக்கொள்ளவே இல்லை.

வெண்டலினின் லென்ஸை நகரத்துக்கு அனுப்பிச் சோதித்தார்கள். நான் சொன்ன அளவு அப்படியே வந்தது. என் வேலையில் பிழை இருக்காது. கொலையை அவர் நம்பிவிட்டார்.

"ஆனா குறைசொல்லி நீங்கங்கிறதை என்னால நம்ப முடியல, ஹெர் ராப்" என்றார்.

முகமூடியைக் காட்டினேன். போன வாரம் யாரோ ஒருவர் அதை மாட்டியிருந்தார் என்பதற்குத்தான் அது சான்று, வெண்டலினுக்குப் பிறகு வந்த ஆள் நானாக இருக்கலாம் என்றார். உங்கள் அப்பாவிடம் ரொட்டியைப் பற்றிச் சொன்னது நான் என்றேன்.

"அதை ஊரே சொல்லும். வெண்டலின் சொன்னது அது. அப்பா சாகற அன்னிக்குக்கூடச் சொல்லிச் சிரிச்சார்" என்றார்.

சரி என்று முகமூடியை மாட்டிக்கொண்டு, அந்த அறையிலேயே, கீச்சுக்குரலில் அதே வாக்கியத்தைச் சொன்னேன். அதே இழுப்பு, அதே நிறுத்தம். அவர் கண்ணைத் துடைத்துக்கொண்டார். எனக்கு உள்ளே ஏதோ லேசானது.

"அப்படியே வெண்டலின் மாதிரியே இருக்கு" என்றார். "அந்த மனுஷனை எவ்வளவு உத்துப் பாத்திருந்தா இப்படி வரும். உங்களுக்கு அவர் மேல அவ்வளவு பொறாமையா, ஹெர் ராப்?"

பிறகு தட்டச்சு செய்த தாள் வந்தது. லென்ஸ், படி, நிலவறை, எல்லாம் இருக்கிறது. ஓரிடத்தில் இப்படி இருக்கிறது: 'குற்றவாளி, இறந்தவரின் புகழ் மீது கொண்ட பொறாமையால், தன்னையே நெடுங்காலக் குறைசொல்லி என்று கற்பனை செய்துகொள்கிறார்.' இதில்தான் கையெழுத்துப் போட மறுத்தேன். ஹில்ட்ருடைக் கூப்பிட்டுக் கேட்டிருக்கிறார்கள். அவள் என்னைப் பார்க்க வரவில்லை. "அவருக்கு ரெண்டு பேர் முன்னாடி பேசவே வராது" என்று சாட்சி சொன்னதாகத் தெரிகிறது.

நீதிபதி அவர்களே, கொலையைப் பற்றி எழுதியிருப்பதில் ஓர் எழுத்தையும் மாற்ற வேண்டாம். எத்தனை வருஷம் வேண்டுமானாலும் கொடுங்கள், மேல்முறையீடு செய்ய மாட்டேன். அந்த ஒரு வாக்கியத்தை மட்டும் அடித்துவிட்டு, குறைசொல்லி நான்தான் என்று எழுதச் சொல்லுங்கள். தீர்ப்பைத் திறந்த நீதிமன்றத்தில், எர்லன்வீலர்க்காரர்கள் எல்லோரையும் வரவழைத்து, உரக்கப் படிக்க வேண்டும். எனக்காகக் கேட்கவில்லை. அவர்கள் என்னைப் பார்க்கிறார்களா இல்லையா என்பது எனக்கு ஒரு பொருட்டே இல்லை. அன்றைக்கு என்னை முன்னால், வெளிச்சம் விழுகிற பக்கமாக உட்கார வையுங்கள். கண்ணாடி போட்டுக்கொள்ள மாட்டேன், அது என் முகத்தை மறைக்கும்.